சித்திரையிலிருந்து மூணு கட்டம்

டெலஸ்கோப் வாங்கின யாரைக் கேட்டாலும் முதல் வாரம் ஒரே கதைதான். முதல் நாள் நிலா. பள்ளம் பள்ளமா தெரியறதைப் பார்த்துட்டு வீட்ல இருக்கற எல்லாரையும் மாடிக்கு இழுத்துட்டு வர்றது. ரெண்டாம் நாள் வியாழன், பக்கத்துல வரிசையா நாலு புள்ளி. மூணாம் நாள் சனி. வளையத்தைப் பார்த்ததும் "உள்ள ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கியா"ன்னு யாராவது ஒருத்தர் கண்டிப்பா கேட்பாங்க. அதுக்கப்புறம்? அதுக்கப்புறம் ஒண்ணும் கிடையாது. நாலாவது வாரம் டெலஸ்கோப் துணி உலர்த்தற ஸ்டாண்டா மாறும், ஆறாவது மாசம் பரணுக்குப் போகும்.

ஏன்னா முதல்ல பார்த்த மூணும் தானா கண்ணுல படற ஆட்கள். அடுத்து பார்க்க வேண்டியதெல்லாம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, இல்ல தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கும். "டெலஸ்கோப்தான் இருக்கே, அது காட்டும்"னு நினைச்சா, அது காட்டாது. நாமதான் அதுக்குக் காட்டணும்.

கொஞ்சம் கணக்கு சொல்றேன், பயப்படாதீங்க. என்கிட்ட இருக்கறது ஆறு இஞ்ச் டாப்சோனியன். 150 மி.மீ கண்ணாடி, 1200 மி.மீ குவியத் தூரம். 25 மி.மீ ஐபீஸ் போட்டா 1200-ஐ 25-ஆல வகுத்து 48 மடங்கு. அதுல தெரியற வட்டம் சுமாரா ஒரு டிகிரி, அதாவது ரெண்டு முழு நிலாவைப் பக்கத்துல பக்கத்துல வெச்ச அகலம். தலைக்கு மேல தெரியற பாதி வானம் இருபதாயிரம் சதுர டிகிரிக்கும் மேல. ஆக, அந்த ஒரு டிகிரி வட்டத்தை வெச்சுக்கிட்டு குத்துமதிப்பா தேடறது மெரினா மணல்ல மூக்குத்தி தேடற வேலை. அதிலயும் 10 மி.மீ ஐபீஸ் போட்டு 120 மடங்குல தேடறவங்க நிலைமை இன்னும் மோசம், வட்டம் அரை டிகிரிக்கும் கீழ போயிடும். (அட்டைப்பெட்டி மேல "675 மடங்கு"ன்னு போட்டு விக்கறாங்களே, அதை நம்பாதீங்க. கண்ணாடியோட விட்டம் எத்தனை மி.மீ-யோ அதைப் போல ரெண்டு மடங்குதான் உச்ச வரம்பு. அதுவும் காத்து அசையாம நிக்கற ராத்திரியில.)

அதனால தேடும்போது எப்பவும் குறைஞ்ச மடங்கு, அகலமான வட்டம். கிடைச்சப்புறம் பெருசு பண்ணிக்கலாம்.

அடுத்தது ஃபைண்டர். ட்யூப் மேல ஒட்டிக்கிட்டு இருக்குமே ஒரு குட்டி டெலஸ்கோப், இல்லேன்னா சிவப்புப் புள்ளி காட்டற கண்ணாடி, அதுதான். பாதிப் பேர் அதை அலங்காரப் பொருள்னு நினைச்சுக்கறாங்க. உண்மையில் பெரிய ட்யூபை விட அதுதான் முக்கியம். பகல்லயே தூரத்துல இருக்கற ஒரு செல்போன் டவர் உச்சியையோ கோயில் கலசத்தையோ பெரிய ட்யூப்ல நடுவுல கொண்டு வந்து, ஃபைண்டர்லயும் அதே உச்சி நடுவுல வர்ற வரைக்கும் ஸ்க்ரூவைத் திருகிட்டா வேலை முடிஞ்சது. பத்து நிமிஷம்தான். (சூரியன் இருக்கற பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. ஃபைண்டர் வழியாப் பார்த்தாலும் கண்ணு போயிடும். குழந்தைங்க இருக்கற வீட்ல ரெண்டு மூடியையும் போட்டே வைங்க.)

அளவுகோல் கையிலயே இருக்கு. கையை நல்லா நீட்டிப் பிடிச்சா சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரி. நடு மூணு விரல் சேர்த்தா அஞ்சு. மூடின கைப்பிடி பத்து. ஒரு சாண் விரிச்சா இருபது சொச்சம். சின்னக் கைக்காரங்களுக்கு கையும் குட்டை, அதனால கணக்கு எல்லாருக்கும் ஏறக்குறைய சரியா வந்துடும்.

இதை வெச்சுக்கிட்டு ஆடற ஆட்டத்துக்கு வெளிநாட்டுக்காரங்க ஸ்டார் ஹாப்பிங்னு பேர் வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல பாண்டின்னு சொல்லலாம். தரையில கட்டம் போட்டு ஒத்தைக் கால்ல தாவுவோமே, அதேதான். தெரிஞ்ச ஒரு நட்சத்திரத்துல காலை வெச்சு, அங்கேருந்து மூணு விரல் தள்ளி இன்னொண்ணு, அங்கேருந்து ஒரு கைப்பிடி கீழ இன்னொண்ணு... கடைசிக் கட்டத்துல நாம தேடற ஆள் இருப்பார்.

இருப்பாரே தவிர, "இதோ இருக்கேன்"னு கையாட்ட மாட்டார். இங்கதான் ரெண்டாவது ஏமாற்றம். இணையத்துல பார்க்கற படங்கள் எல்லாம் கேமரா மணிக்கணக்குல வெளிச்சத்தைச் சேர்த்து வெச்சு எடுத்தது. சிவப்பு, நீலம், ஊதான்னு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். நம்ம கண்ணு அப்படிச் சேர்த்து வைக்காது. மங்கின வெளிச்சத்துல நிறமும் தெரியாது. ஐபீஸ்ல தெரியறது சாம்பல் கலர்ல ஒரு புகை, கண்ணாடி மேல மூச்சு விட்ட மாதிரி. இதுக்கா இத்தனை பாடுன்னு தோணும். கொஞ்சம் நில்லுங்க. முதல்ல இருட்டுல இருபது முப்பது நிமிஷம் கண்ணைப் பழக விடணும். நடுவுல ஒரே ஒரு தடவை மொபைலை எடுத்து வாட்ஸப் பார்த்தீங்கன்னா மறுபடி முதல்லேருந்து. டார்ச்சுக்கு சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் சுத்திக்கணும்.

அப்புறம், நேராப் பார்க்கக் கூடாது. விழித்திரையோட நடுப்பகுதி பகல் வெளிச்சத்துக்கு ஏத்தது, அங்க மங்கின வெளிச்சத்தைப் பிடிக்கற செல்கள் கிடையாது. அவை சுத்துப்பக்கத்துலதான் இருக்கு. அதனால பார்க்க வேண்டிய பொருளை விட்டு கொஞ்சம் தள்ளிப் பார்த்தாத்தான் அது பளிச்னு எழுந்து வரும். நேராப் பார்த்தா மறைஞ்சுடும். இதுக்கும் பாடப்புத்தகத்துல பெரிய பேரெல்லாம் இருக்கு. நமக்கு ஓரக்கண்ணுன்னாலே போதும்.

இன்னொண்ணு: எங்கள மாதிரி கண்ணாடி டெலஸ்கோப்ல எல்லாம் தலைகீழாத் தெரியும். அதைவிட எரிச்சல், பூமி சுத்திக்கிட்டே இருக்கு. மணிக்கு 15 டிகிரி. நம்ம ஒரு டிகிரி வட்டத்தைக் கடக்க ஒரு நட்சத்திரத்துக்கு நாலு நிமிஷம் போதும். "வாங்க வாங்க வந்து பாருங்க"ன்னு ஆளைக் கூப்பிட்டு அவர் மாடி ஏறி வர்றதுக்குள்ள பொருள் போயிடும். டாப்சோனியன்ல மோட்டார் எல்லாம் கிடையாது, பலகைப் பெட்டி மேல ட்யூப் உட்கார்ந்திருக்கும், கையால லேசா தள்ளிக்கிட்டே இருக்கணும். தூளி ஆட்டற மாதிரி பழகிடும்.

சரி, பாண்டி ஆட முதல் கட்டம் வேணுமே. அதுக்கு வரேன்.

ஆரம்பப் புத்தகம் எதை எடுத்தாலும் ஸ்பைகா, ஆர்க்டரஸ், அன்டாரிஸ், ஆல்டெபரான்னு பேர் அடுக்குவாங்க. மனசுல ஒட்டவே ஒட்டாது. ஆனா அதே நட்சத்திரங்களோட பேர் நம்ம வீட்டு நாள்காட்டியில, கல்யாணப் பத்திரிகையில, அர்ச்சனைச் சீட்டுல தினமும் இருக்கு. ஸ்பைகாதான் சித்திரை. ஆர்க்டரஸ் சுவாதி. அன்டாரிஸ் கேட்டை. ஆல்டெபரான் ரோகிணி. ரெகுலஸ் மகம். பீட்டல்ஜூஸ் திருவாதிரை. ஆல்டேர் திருவோணம். ஜோசியத்துல எனக்கு நம்பிக்கை கிடையாது, அந்தச் சண்டைக்கு இப்ப வரலை. ஆனா இந்த 27 பேரும் நிலா ஒரு சுத்து வர்ற பாதையில நட்டு வெச்ச மைல்கல். யாரோ ராத்திரி ராத்திரியா முழிச்சிருந்து பார்த்து நட்டிருக்காங்க. நாம பேரை மட்டும் வெச்சுக்கிட்டு ஆளைத் தொலைச்சுட்டோம். "என் நட்சத்திரம் மகம்"னு சொல்றவங்கள மாடிக்குக் கூட்டிட்டுப் போய் "எது?"ன்னு கேட்டுப் பாருங்க.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. தைப்பூசம், கார்த்திகை தீபம், சித்ரா பௌர்ணமின்னு நம்ம பண்டிகைகள் பலதும் முழு நிலா எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல நிக்குதுன்னு சொல்றதுதான். ஆனா அன்னிக்கு அந்த நட்சத்திரத்தைத் தேடினா நிலா வெளிச்சத்துல கரைஞ்சு கிடக்கும். பூசம் இருக்கற இடத்துல தேன்கூடுன்னு ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கு, மெசியே பட்டியல்ல 44. கலீலியோ தன் குட்டி டெலஸ்கோப்ல அதுல நாப்பது நட்சத்திரம் வரைக்கும் எண்ணினார். தைப்பூசத்தன்னிக்கு அது நிலாவுக்குப் பக்கத்துலயேதான் இருக்கும், ஒண்ணும் தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சு அமாவாசைக்குப் பாருங்க, இருட்டான ஊர்ல வெறுங்கண்ணுக்கே பஞ்சு ஒட்டின மாதிரி தெரியும். பைனாகுலர் இருந்தா இன்னும் அழகு.

கேட்டையைப் பிடிச்சவங்களுக்கு எம்-4 இலவசம். சிவப்பா இருக்கற கேட்டையை வட்டத்துக்கு நடுவுல வெச்சு, மேற்கால ஒண்ணரை டிகிரிக்குள்ள நகர்த்தினா ஒரு கோளக் கொத்து. மூலத்துல, அதாவது தேளோட கொடுக்குல ஆரம்பிச்சு வடகிழக்கே மூணு விரல் தள்ளினா எம்-7. இதெல்லாம் ஆடி மாசத்து ராத்திரி வேலை, மேகம் விட்டால்.

மெசியேன்னு சொன்னேன் இல்லையா, அவரைப் பத்தி ஒரு குறை எனக்கு உண்டு. குறை அவர் மேல இல்லை, அவர் பட்டியலையே வேதமா வெச்சிருக்கற நம்ம மேல. சார்ல் மெசியே வால்மீன் தேடினவர். வால்மீன் மாதிரியே மங்கலாத் தெரிஞ்சு ஏமாத்தற பொருள்களை 'இதைப் பார்த்து ஏமாறாதே'ன்னு குறிச்சு வெச்சார். 1781-ல அது 103 ஆச்சு, பின்னால சேர்த்து 110. இன்னிக்கு உலகம் முழுக்க கத்துக்குட்டிகள் முதல்ல தேடறது அந்த 110-ஐத்தான். ஆனா அவர் பார்த்தது பாரிஸ்லேருந்து, ஏறக்குறைய 49 டிகிரி வடக்கு. அவர் பட்டியல்லயே ரொம்பத் தெற்கே இருக்கறது மேல சொன்ன எம்-7. அதுக்கும் தெற்கே அவர் அடிவானத்துல ஒட்டிக்கிட்டோ, அதுக்கும் கீழேயோ இருந்ததெல்லாம் பட்டியல்லயே இல்லை.

நாம இருக்கறது 8-லேருந்து 13 டிகிரிக்குள்ள. வடக்கே சப்தரிஷியும் தெரியும், தெற்கே தென்சிலுவையும் தெரியும். சென்னை நுங்கம்பாக்கத்துல இருந்த வான் ஆய்வகத்துல வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல ஆர் ரெடிக்குலின்னு ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சார். அது தெற்கே 63 டிகிரியில இருக்கு. சென்னையில அது உச்சத்துக்கு வந்தாலும் அடிவானத்துக்கு மேல ஒண்ணரைக் கைப்பிடிதான். ஐரோப்பாவுல எந்த ஊர்லயும் எழும்பவே எழும்பாது. ஜவ்வாது மலையில காவலூர்ல 1986-ல திறந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்கும் இந்தத் தென்வானம் ஒரு பலம். இப்படிப்பட்ட இடத்துல உட்கார்ந்துக்கிட்டு பாரிஸ் மாடிப் பட்டியலை மட்டும் வெச்சுத் தேடறது, கடற்கரையில வீட்டை வெச்சுக்கிட்டு ஐஸ்ல வெச்ச மீனை வாங்கற கதை.

அந்தப் பட்டியல்ல விட்டுப் போனதுல ராஜா ஒமேகா சென்டாரி. டாலமி காலத்துல அதை நட்சத்திரம்னுதான் எழுதி வெச்சாங்க, 1603-ல பேயர் ஒமேகான்னு எழுத்து கொடுத்ததும் நட்சத்திரம்னு நினைச்சுத்தான். 1677-ல எட்மண்ட் ஹாலி, வால்மீன் புகழ் ஹாலியேதான், அப்ப அவருக்கு இருபது சொச்சம் வயசு, செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய் பார்த்து 'இது நட்சத்திரம் இல்லை, வேற ஏதோ'ன்னு குறிச்சார். உண்மையில அது சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்துல இருக்கற ஒரு கோளக் கொத்து. ஒரு கோடி நட்சத்திரம் ஒரே உருண்டையில. நம்ம பால்வெளியில இதைவிடப் பெரிய கோளக் கொத்து கிடையாது. வானத்துல அது பிடிக்கற இடம் முழு நிலா அளவு. லண்டன்ல எழும்பவே எழும்பாது. நியூயார்க்ல அடிவானத்துக்கு மேல ரெண்டு டிகிரி கூட வராது. சென்னையில கிட்டத்தட்ட 30 டிகிரி உயரம், கோவில்பட்டிப் பக்கம் 33.

அதுக்குப் போற வழிதான் இந்தப் பதிவுக்கே காரணம். ஒமேகா சென்டாரி சித்திரைக்கு நேர் கீழ இருக்கு! சித்திரை நேர் தெற்கே உச்சத்துக்கு வர்ற நேரம், ஏப்ரல் நடுவுல நள்ளிரவு, மே முதல் பாதியில பத்தரை மணி வாக்குல, மே கடைசியில ஒன்பதேகால். அப்ப தெற்கே பார்த்து நின்னு, சித்திரையிலிருந்து நேரா கீழ இறங்கணும், மொத்தம் 36 டிகிரி. நடுவுல ரெண்டு கட்டம் போட்டு வெச்சிருக்கு. சித்திரைக்கு 12 டிகிரி கீழ காமா ஹைட்ரே. அதுக்கு பதிமூணரை டிகிரி கீழ அயோட்டா சென்டாரி. அதுக்கு 11 டிகிரி கீழ மூணாவது கட்டம், நம்ம ஆள். ஒவ்வொண்ணும் ஒரு கைப்பிடியும் கொஞ்சமும். மூணும் ஏறக்குறைய ஒரே தூக்குநூல்ல. இப்படி அமைஞ்சது தற்செயல்தான். ஆனா நமக்குப் பேர் தெரிஞ்ச நட்சத்திரத்துல ஆரம்பிக்குதே, அதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் :-)

2024 மே மாசம் அமாவாசையை ஒட்டி டெலஸ்கோப்பை கார்ல போட்டுக்கிட்டு ஊருக்குப் போனேன். கோவில்பட்டி தாண்டி கரிசல் காட்டுக்குள்ள ஒரு கிராமம், அத்தை வீடு. அப்பாவோட அக்கா. ஊர் முனையில ஒரு ஹைமாஸ்ட் விளக்கு, பகல் மாதிரி எரியுது. நல்லவேளை அது வடக்குப் பக்கம். தெற்கே காற்றாலை உச்சியில மினுக்கற சிவப்பு விளக்குகள் தவிர ஒண்ணும் இல்லை. மே கடைசின்னா காத்து தூக்க ஆரம்பிச்சுடும், ட்யூப் நிக்காது. முதல் வாரம்ங்கறதால தப்பிச்சோம். முதல் ராத்திரி புழுதி மூட்டம், சித்திரையே மங்கலாத்தான் தெரிஞ்சது, கீழ ஒண்ணுமே இல்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு தூறல் போட்டு வானத்தைக் கழுவி விட்டது.

பத்து மணிக்கு அத்தை மாடிக்கு வந்தாங்க. எழுபத்தி ரெண்டு வயசு, ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டாங்க. தெற்கே தாழ்ந்த பொருளைப் பார்க்கும்போது டாப்சோனியன் ஐபீஸ் கீழ இறங்கி வரும், உட்கார்ந்தவங்களுக்குத் தோதா இருக்கும்.

"என்னத்தய்யா தேடுத?"

"சித்திரை நட்சத்திரத்துல ஆரம்பிச்சு கீழ ஒண்ணைத் தேடறேன் அத்தை."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"சித்திரைன்னா... உங்க மாமா நட்சத்திரம்லா?"

எனக்கு அது தெரியாது. மாமா போய் ஆறு வருஷம் ஆகுது. அத்தைதான் சொன்னாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து வெள்ளிக்கிழமை தவறாம கோயில்ல அர்ச்சனைத் தட்டு கொடுத்து, மாமா பேரைச் சொல்லி, "சித்திரை நட்சத்திரம், கன்னி ராசி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க. நாப்பத்தஞ்சு வருஷம். போனவங்க பேருக்கு அர்ச்சனை கிடையாதே. "ஆறு வருசமா அந்தப் பேரை எங்கயும் சொல்லல. சொல்லுததுக்கு இடமில்ல. அது எங்கருக்குய்யா? காட்டு."

சப்தரிஷி மண்டலத்தோட வாலை வளைச்சு நீட்டினா சுவாதி, அதே வளைவை இன்னும் நீட்டினா சித்திரை. கையைப் பிடிச்சுக் காட்டினேன். நீலம் கலந்த வெள்ளையில தனியா நின்னுது, சுத்துவட்டாரத்துல போட்டிக்கு ஆள் இல்லாம. "இதுவா! இதைத் தினமும் பாத்திருக்கேனே"ன்னாங்க. பார்த்துத்தான் இருப்பாங்க. சித்திரை, வைகாசி வெக்கையில மாடியில படுக்கறவங்க யாரும் அதைப் பார்க்காம இருந்திருக்க முடியாது. பேருக்கும் ஆளுக்கும் அறிமுகம் மட்டும்தான் ஆகலை.

டெலஸ்கோப்லயும் காட்டினேன். நட்சத்திரம் எத்தனை பெருசு பண்ணினாலும் புள்ளிதான், வெளிச்சம் மட்டும்தான் கூடும். "பெருசாக் காட்டாதா?"ன்னு கேட்டாங்க. இல்லை அத்தை, அவ்வளவு தூரம். 250 ஒளியாண்டு. அது ஒண்ணு இல்லை, ரெண்டு. நாலு நாளைக்கு ஒரு தடவை ஒண்ணை ஒண்ணு சுத்தி வருது, ரொம்பப் பக்கத்துல இருக்கறதால எந்த டெலஸ்கோப்லயும் பார்க்கறவங்க கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். இதைச் சொல்லிட்டு, சொல்லியிருக்கணுமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அத்தை ஒண்ணும் சொல்லலை. ஐபீஸ்லேருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. வட்டத்தை விட்டு அது நகர்ந்து போற வரைக்கும் பார்த்துட்டு, "போயிட்டு"ன்னாங்க. தள்ளிக் கொடுத்தேன். மறுபடி பார்த்தாங்க.

பத்தரைக்கு நான் கீழ இறங்க ஆரம்பிச்சேன். ஃபைண்டர்ல காமா ஹைட்ரே, முதல் கட்டம். அயோட்டா, ரெண்டாவது. அங்கேருந்து கீழ இறங்கற வழியில, முக்கால் தூரம் போறதுக்கு முன்னாடியே, சென்டாரஸ் ஏ-ன்னு ஒரு கேலக்ஸி இருக்கு, ஒரு கோடியே இருபது லட்சம் ஒளியாண்டு தள்ளி. அன்னிக்கு வானம் கழுவி விட்டிருந்ததால உருண்டையா ஒரு மங்கல், ஓரக்கண்ணால பார்த்தா குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை இருக்கற மாதிரி. இருந்துதா, இருக்குன்னு தெரிஞ்சதால இருந்துதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். இன்னும் நாலரை டிகிரி கீழ. ஃபைண்டர்ல ஒரு நட்சத்திரம் மட்டும் ஃபோகஸ் ஆகாத மாதிரி பொசபொசன்னு இருந்தது. மத்ததெல்லாம் ஊசிமுனை, இது மட்டும் பஞ்சு. அதுதான் அடையாளம். ஹாலி கண்ணுல பட்டதும் அந்தப் பஞ்சுதான்.

ஐபீஸ்ல கண்ணை வெச்சேன். முதல்ல ஒரு பெரிய சாம்பல் உருண்டை, வட்டத்துல பாதியை அடைச்சுக்கிட்டு. அரை நிமிஷத்துல ஓரத்துல பொடிப்பொடியா நட்சத்திரம் பிரிய ஆரம்பிச்சது. 120 மடங்குக்கு மாத்தினேன், நடு வரைக்கும் பொடி. இதை எந்தப் படத்துலயும் இப்படிப் பார்க்க முடியாது. படத்துல நடு வெளுத்துப் போயிடும், இல்ல எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி இருக்கும். கண்ணுல மட்டும்தான் அது இருக்கறதும் இல்லாததுமா கொதிக்கும்.

அத்தைக்கு மறுபடி 48-க்கு மாத்திக் கொடுத்தேன். "ஒண்ணும் தெரியலயே. புகையால்லா இருக்கு."

"நேராப் பார்க்காதீங்க அத்தை. ஓரக்கண்ணால பாருங்க. பக்கத்துல எங்கயோ பார்க்கற மாதிரி."

"இந்த வயசுல ஓரக்கண்ணாலயா!" சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு நின்னுது.

"ஏய்யா... ரவையைக் கொட்டுன மாதிரில்லா இருக்கு."

ஒரு கோடின்னு சொன்னேன். அதை அவங்க கண்டுக்கலை. "இது எப்பவும் அதுக்குக் கீழயேதான் இருக்குமா?" எப்பவும்தான். அதுவும் எழும்பி, இதுவும் எழும்பி, ரெண்டும் சேர்ந்தே தெற்கு உச்சிக்கு வரும்னேன். "அப்ப வெறுங்கண்ணுல இது எது?" கைப்பிடி கணக்கு சொல்லிக் கொடுத்தேன். மூணு கட்டம். ரெண்டாவது முயற்சியில பிடிச்சுட்டாங்க. புரை எடுத்த கண்ணு, அந்த இருட்டு, அந்த உயரம், எல்லாம் சேர்ந்து வந்ததுல ஒரு மங்கல் புள்ளி. சென்னையில என் மாடியில அது வெறுங்கண்ணுக்குத் தெரிஞ்சதே இல்லை. தெற்கே அத்தனை ஊர் வெளிச்சம்.

இப்ப ஸ்மார்ட் டெலஸ்கோப்னு ஒண்ணு வந்திருக்கு. மொபைல்ல பேரைத் தட்டினா அதுவே திரும்பி, அதுவே கண்டுபிடிச்சு, பத்து நிமிஷத்துல கலர் படம் அனுப்பிடும். சிநேகிதர் ஒருத்தர் வெச்சிருக்கார். படம் அருமையாத்தான் வருது. நகர வெளிச்சத்துலயும் வேலை செய்யுது, கண்ணுல குறை இருக்கறவங்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரிய உபகாரம். கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா அதுல ஐபீஸ் கிடையாது. 17,000 வருஷம் நடந்து வந்த வெளிச்சம் கடைசி அடியில உங்க கண்ணுக்குள்ள விழாம ஒரு சிப்ல விழுது. அதைவிட முக்கியம், அது இல்லாத ராத்திரி உங்களுக்கு வானத்துல ஒண்ணுமே தெரியாது. அத்தைகிட்ட இப்ப டெலஸ்கோப் கிடையாது. மூணு கட்டம் இருக்கு.

மறுநாள் காலையில அத்தை தெருவுல என்ன சொன்னாங்களோ தெரியலை, ராத்திரி எட்டு மணிக்கே மாடியில அஞ்சாறு பேர். ஒவ்வொருத்தரும் தன் நட்சத்திரத்தைச் சொல்லிக்கிட்டு வரிசையில நிக்கறாங்க, பிரசாதம் வாங்கற மாதிரி. மகம் சுலபம், மேற்கே நல்லாவே தெரிஞ்சது, காட்டியாச்சு. அஸ்தம், சித்திரைக்குப் பக்கத்துலயே நாலு புள்ளி கோணல் சதுரமா, காட்டியாச்சு. திருவோணக்காரம்மாவுக்கு நள்ளிரவு தாண்டணும், தூக்கம் வருதுன்னு போயிட்டாங்க. பரணிக்காரர் ஒருத்தர் விடவே இல்லை. அண்ணாச்சி, உங்க நட்சத்திரத்துலதான் இப்ப சூரியனே இருக்கு, கத்திரி வெயில் அடிக்குதே அதுவே அங்கேருந்துதான், ஐப்பசிக்கு மேல வாங்கன்னேன். "அப்ப என் நட்சத்திரம்தான் ஊரைப் பொசுக்குதா"ன்னு ஒரு பெருமையோட உட்கார்ந்துட்டார்.

உத்திரம்னு ஒரு பத்தாம் வகுப்புப் பொண்ணு வந்திருந்தா. சிங்கத்தோட வால் நட்சத்திரம், காட்டினேன். "இதுக்குக் கீழ என்ன இருக்கு?"ன்னு கேட்டா. அத்தைக்கு கீழ ஒண்ணு இருந்ததுன்னா தனக்கும் ஒண்ணு இருக்கணுமாம். கீழ இல்லை, கிழக்கே இருக்கு. உத்திரத்துக்கும் கன்னியில இருக்கற விண்டமியாட்ரிக்ஸுக்கும் நடுப்பாதியில எம்-84, எம்-86-ன்னு ரெண்டு கேலக்ஸி, அஞ்சு கோடி ஒளியாண்டுக்கும் மேல. ஒரே வட்டத்துக்குள்ள ரெண்டு மங்கல் பொட்டு. நடுவுல நல்ல மைல்கல் கிடையாது, ஆறு இஞ்சுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான். இருபது நிமிஷம் ஆச்சு. அதுவரைக்கும் அவ நகரலை.